குரல் இல்லாத உரை: கருத்தரங்குப் பதிவுகளில் வரும் கோளாறுகளும் தீர்க்கும் வழிகளும்

வேலூரைப் பற்றிப் பழைய கேலி ஒன்று உண்டு: அரசன் இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில், தண்ணீர் இல்லாத ஆறு. 1981இல் ஜலகண்டேசுவரர் கோட்டைக் கோயிலுக்குத் திரும்பி வந்ததும் அந்தப் பட்டியலில் ஒன்று குறைந்தது. குறைந்த இடத்தை நான் நிரப்பினேன்: குரல் இல்லாத உரை. காட்பாடியில் ஒரு திருமண மண்டபத்தில் நடந்த உள்ளூர் வரலாற்றுக் கருத்தரங்கு. 1806ஆம் ஆண்டுச் சிப்பாய்ப் புரட்சி பற்றி நாற்பது நிமிடப் பேச்சு. படம் துல்லியமாக வந்திருந்தது. யூடியூபில் ஏற்றிய அன்றிரவே பேச்சாளர் தொலைபேசியில் அழைத்தார். "தம்பி, நான் வாயை மட்டும் அசைத்துக்கொண்டிருக்கிறேனே?" என்றார். ஓய்வுபெற்ற ஆசிரியர், திட்டாமல் கேட்டதுதான் அதிகம் வலித்தது.

அதன் பிறகு இந்த வட்டாரத்தில் பல மேடைகளைப் பதிவு செய்து வெளியிட்டுவிட்டேன். நான் பட்டவற்றை அறிகுறிவாரியாக எழுதியிருக்கிறேன். உங்களுக்கு வந்த கோளாறைத் தேடிப் படித்தால் போதும். எந்தக் கோளாறானாலும் அசல் கோப்பைத் தொடாதீர்கள். நகலெடுத்து அதில் வேலை செய்யுங்கள். மெமரி கார்டை உடனே அழிக்கவும் வேண்டாம்.

ஹெட்போனில் கேட்கிறது, செல்போனில் குரல் இல்லை

எனக்கு நேர்ந்தது இதுதான். மைக் செட்காரரின் மிக்சரிலிருந்து நேராக ஒரு வயரை இழுத்துக் கேமராவில் சொருகியிருந்தேன். பெரிய மூன்றுமுனைச் செருகி வழியாக மிக்சர் ஒரே குரலை இரண்டு முறை அனுப்புகிறது: ஒன்று நேராக, மற்றொன்று தலைகீழாக. நீண்ட வயரில் வழியில் ஒட்டிக்கொள்ளும் இரைச்சலைக் கழிப்பதற்காகச் செய்த நல்ல ஏற்பாடு அது. ஆனால் கேமராவின் சிறிய துளைக்கு இது தெரியாது. ஒன்றை இடது காதுக்கும் மற்றொன்றை வலது காதுக்கும் என்று எடுத்துக்கொள்கிறது. ஹெட்போனில் இரண்டும் தனித்தனிக் காதுக்குப் போவதால் ஏதோ விநோதமாகத் தோன்றுமே தவிர, பேச்சு கேட்கும். செல்போனின் ஒற்றை ஸ்பீக்கர் இரண்டையும் கூட்டுகிறது. கூட்டல் ஒன்றும் கழித்தல் ஒன்றும் சேர்ந்தால் பூச்சியம்.

ஆடாசிட்டி என்ற இலவச ஒலித்தொகுப்பு மென்பொருளில் கோப்பைத் திறந்து, அலைகள் தனித்தனியாகத் தெரியும்வரை பெரிதாக்கிப் பாருங்கள். இடது அலை மேலே போகும்போது வலது அலை கீழே போனால், கண்ணாடியில் பார்த்ததுபோல் இருந்தால், நோய் இதுதான். ஸ்டீரியோ தடத்தை இரண்டாகப் பிரித்து, ஒன்றை அழித்துவிட்டு, மீதியை மோனோவாக (ஒற்றைத் தடமாக) ஏற்றுமதி செய்து, படத்துடன் மீண்டும் சேர்க்க வேண்டும். ஐந்து நிமிட வேலை. வருத்தம் வேறிடத்தில் இருக்கிறது: ஏற்றிய காணொளியின் கோப்பை அதே முகவரியில் மாற்றிவைக்க யூடியூப் விடாது. அதற்குள் அந்த இணைப்பை வாட்ஸ்அப் குழுக்களில் பகிர்ந்திருந்தார்கள். பழையதை மூடிவிட்டுப் புதிய இணைப்பை ஒவ்வொரு குழுவாகக் கொண்டுபோய்ச் சேர்த்தேன்.

இப்போது நிகழ்ச்சி தொடங்குமுன் ஒரு நிமிடம் பதிவு செய்து, அதைச் செல்போனின் ஸ்பீக்கரில் போட்டுக் கேட்கிறேன். ஹெட்போனில் கேட்டுவிட்டுத் தலையாட்டுவதில்லை.

ஒரு காதில் மட்டும் கேட்டால் அது இந்த நோயின் தம்பி. மருந்தும் அதேதான்: உயிருள்ள பக்கத்தை வைத்துக்கொண்டு மோனோவாக்குங்கள்.

குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருகிறது

கேமரா கடைசி வரிசையில் இருந்திருக்கிறது. அதன் சொந்த மைக்கில் பதிவாகியிருக்கிறது. எங்கள் ஊர் மண்டபங்களைப் பார்த்தால் காரணம் புரியும்: தரை முழுக்க டைல்ஸ், வழுவழுப்பான சுவர், திரைச்சீலை கிடையாது. மைக்குக்கும் வாய்க்கும் உள்ள தூரம் இரட்டிப்பாகும்போது நேராக வரும் குரல் சுமார் 6 டெசிபெல் குறைகிறது. சுவரில் மோதித் திரும்பும் ஒலியோ ஏறத்தாழ அப்படியே நிற்கிறது. இருபதடி தள்ளி உட்கார்ந்த மைக் கேட்பது பேச்சாளரை அல்ல, மண்டபத்தை. எதிரொலியைக் குறைக்க மென்பொருள்கள் இருக்கின்றன. அவை அரைக் கிணறு மேலே தூக்கும். அதற்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம்.

எனவே இதற்கு மருந்து முன்கூட்டியேதான். சட்டைக் காலரில் மாட்டும் சிறிய மைக்கைத் தாடையிலிருந்து ஒரு சாண் கீழே மாட்டுங்கள். அதை வாங்கப் பணம் இல்லையென்றால், ஒரு பழைய செல்போனை ஃபிளைட் மோடில் வைத்து, ஒலிப்பதிவை ஓடவிட்டுப் பேச்சாளரின் சட்டைப்பையில் போடுங்கள். பதினைந்தாயிரம் ரூபாய்க் கேமராவின் மைக்கைவிட அது நன்றாக இருக்கும். பெண் பேச்சாளராக இருந்தால் கழுத்துச் சங்கிலி மைக்கில் மோதுகிறதா என்று பாருங்கள். ஒரு முறை முழு உரையிலும் கிண்கிணி ஓசை கேட்டது. பட்டுப்புடவையின் உரசலும் அப்படித்தான். மாட்டியபின் இரண்டு அடி நடக்கச் சொல்லிக் கேளுங்கள்.

கரகரவென்று உடைந்த குரலாக இருந்தால் அளவு மீறிப் பதிவாகியிருக்கிறது. அதை முழுமையாகச் சரிசெய்ய முடியாது.

ஒலியை முழுவதும் ஏற்றியும் மெலிதாகக் கேட்கிறது

யூடியூப் சத்தமான காணொளியைத் தணிக்கும், மெலிந்ததை உயர்த்தாது. அதன் அளவுகோல் சுமார் மைனஸ் 14 லஃப்ஸ் (காதுக்குக் கேட்கும் சத்தத்தின் அலகு). ஆடாசிட்டியின் லவுட்னஸ் நார்மலைசேஷனில் மைனஸ் 16 அல்லது 14 என்று வைத்து ஏற்றினால் பேருந்தில் கேட்பவருக்கும் கேட்கும்.

பின்னால் 'ம்ம்ம்' என்றோ 'உஸ்ஸ்' என்றோ ஓயாத சத்தம்

'ம்ம்ம்' மின்சாரத்தின் குரல். நமது மின்சாரம் நொடிக்கு 50 சுற்று. அதனால் 50, 100, 150 ஹெர்ட்ஸில் ரீங்காரம் வரும். முதலில் சந்தேகிக்க வேண்டியது மேடையிலுள்ள லேப்டாப்பின் சார்ஜரை. கழற்றிப் பாருங்கள், சத்தம் நின்றால் திருடன் பிடிபட்டான், பேச்சு முடியும்வரை லேப்டாப் பேட்டரியில் ஓடட்டும். பதிவான பின்பென்றால் அந்த மூன்று அதிர்வெண்களிலும் நாட்ச் ஃபில்டர் (அந்த அதிர்வெண்ணை மட்டும் வெட்டும் வடிகட்டி) போடுங்கள்.

'உஸ்ஸ்' மின்விசிறி. கத்திரி வெயிலில் வேலூரில் மின்விசிறியை நிறுத்தச் சொல்பவரை மண்டபத்தை விட்டு வெளியே அனுப்பிவிடுவார்கள், அதுவும் நியாயம்தான். அதனால் எல்லா மின்விசிறிகளும் சுழலும்போது, யாரும் பேசாத பத்து நொடியைத் தனியாகப் பதிவு செய்துகொள்ளுங்கள். ஆடாசிட்டியின் இரைச்சல் நீக்கும் வசதிக்கு அந்தப் பத்து நொடியைக் காட்டி "இதுதான் இரைச்சல்" என்று கற்பித்தபின், முழு உரையிலும் அதைக் கழிக்கலாம். கொஞ்சமாகக் கழியுங்கள். பேராசையோடு கழித்தால் பேச்சாளர் தண்ணீருக்குள்ளிருந்து பேசுவதுபோல் ஆகிவிடும். மின்விசிறி ஓசையைக் கேட்பவர் இரண்டு நிமிடத்தில் மறந்துவிடுவார். தண்ணீர்க் குரலை மறக்க மாட்டார்.

உதடு ஓரிடம், குரல் ஓரிடம்

உரையின் தொடக்கத்திலும் முடிவிலும் பாருங்கள். இரண்டு இடத்திலும் ஒரே அளவு பிந்தினால் வெறும் இடப்பெயர்ச்சி. ஒலியை இழுத்துப் பொருத்தினால் தீர்ந்தது. பதிவைத் தொடங்கியதும் கேமரா முன் ஒரு முறை கைதட்டிவிட்டால் பொருத்துவது எளிது: கை சேரும் படச்சட்டத்தையும் அலையில் குத்திட்டு நிற்கும் முள்ளையும் ஒன்றாக வையுங்கள்.

தொடக்கத்தில் சரியாக இருந்து போகப் போக விலகினால் வேறு கதை. இரண்டு கருவிகளின் கடிகாரங்கள் சிறிது வேறுபடுவது இயல்பு. ஒரு மணி நேரத்தில் நொடியின் ஒரு பகுதிதான் விலகும். நிமிடக்கணக்கில் விலகி, குரலும் கீச்சென்று வேகமாக இருந்தால், நொடிக்கு 44,100 மாதிரிகளாகப் பதிவான ஒலியை 48,000 என்று மென்பொருள் நினைத்துவிட்டது. அறுபது நிமிட உரை சுமார் 55 நிமிடத்தில் முடிந்துவிடும். இறக்குமதியின்போது சரியான எண்ணைக் கொடுங்கள்.

செல்போனில் எடுத்த படமென்றால் மூன்றாவது ஐயம்: வெளிச்சத்துக்கேற்ப அது நொடிக்கு எத்தனை படம் என்பதைத் தானே மாற்றிக்கொள்ளும். தொகுப்பதற்கு முன் ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் போட்டு நிலையான வேகத்துக்கு மாற்றிவிடுங்கள்.

கோப்பு திறக்கவில்லை

மின்சாரம் போனது, ஜெனரேட்டர் ஏறுவதற்குள் கேமரா அணைந்தது; சரிதானே? எம்பி4 கோப்பில் எந்தப் படம் எங்கே இருக்கிறது என்ற அட்டவணை, பதிவை நிறுத்தும்போதுதான் எழுதப்படுகிறது. திடீரென்று அணைந்தால் உரை முழுவதும் கார்டில் இருக்கும், அட்டவணை மட்டும் இருக்காது. புத்தகத்தின் பக்கங்கள் எல்லாம் இருந்தும் தையல் அவிழ்ந்துபோன நிலை. அந்தக் கார்டில் வேறெதையும் பதிவு செய்யாதீர்கள். அதே கேமராவில், அதே அமைப்பில், வேறொரு கார்டில் ஒரு நிமிடம் நல்ல பதிவு எடுங்கள். அன்ட்ரங்க் என்ற இலவச மென்பொருள் அந்த நல்ல கோப்பைப் பார்த்துக் கெட்டதைத் தைத்துக் கொடுக்கும். எனக்கு மூன்றில் இரண்டு முறை கிடைத்தது.

கணினியில் ஓபிஎஸ் என்ற இலவசப் பதிவு மென்பொருள் வழியாகப் பதிவு செய்பவர்கள் எம்கேவி வடிவத்தில் பதிவு செய்துவிட்டு, முடிந்தபின் அதிலேயே எம்பி4 ஆக மாற்றிக்கொள்ளலாம். எம்கேவி பாதியில் நின்றாலும் நின்ற இடம்வரை திறக்கும். கேமராவில் பேட்டரி இருக்கட்டும், மின்சாரத்தை மட்டும் நம்ப வேண்டாம்.

உரை 29 நிமிடம் 59 நொடியில் தானாக நின்றிருந்தால் கோளாறு உங்களுடையது அல்ல. பல புகைப்படக் கேமராக்களில் அப்படி ஒரு வரம்பு வைத்திருந்தார்கள். வீடியோ கேமராவுக்கு ஐரோப்பாவில் இருந்த கூடுதல் வரிக்கு அஞ்சி வைத்தது. காட்பாடியில் பேசுகிறவர் அனுபவிக்கிறார். ஒரே உரை பல துண்டுகளாக வந்திருந்தால் அது பெரும்பாலும் ஒரு கோப்புக்கான 4 ஜிபி வரம்பு. துண்டுகளைத் தரம் குறையாமல் எஃப்எஃப்எம்பெக் என்ற இலவச மென்பொருள் ஒட்டிவிடும்.

திரையில் வண்ணப் பட்டைகள் ஓடுகின்றன

புரொஜெக்டரின் வண்ணச் சக்கரமும் கேமராவின் ஷட்டரும் ஒத்துப்போகவில்லை. ஷட்டரை 1/50 நொடிக்கு இறக்கிப் பாருங்கள். விளக்குகளின் துடிப்பும் அதிலேயே அடங்கும். அதைவிடத் திரையைப் படம் எடுப்பதையே விட்டுவிடலாம். ஸ்லைடுகளைப் பிடிஎஃப் ஆக வாங்கி, தொகுக்கும்போது இடையிடையே சேருங்கள். கடைசி வரிசையிலிருந்து எடுத்த கல்வெட்டுப் படத்தில் எழுத்து ஒருபோதும் தெரியாது.

ஸ்லைடில் தமிழுக்குப் பதில் ஆங்கிலக் குப்பை

உரை, யூனிகோடு என்ற பொதுக் குறியீட்டு முறைக்கு முந்தைய எழுத்துருவில் தட்டப்பட்டிருக்கிறது. பாமினி, வானவில் போன்றவற்றில் தமிழ் எழுத்து ஆங்கில எழுத்தின் இடத்தில் அமர்ந்திருக்கும். அந்த எழுத்துரு மண்டபத்துக் கணினியில் இல்லையென்றால் முகமூடி கழன்றுவிடும். மூத்த அறிஞர்கள் பலர் இன்றும் அவற்றில்தான் எழுதுகிறார்கள். அவர்களைத் திருத்துவது நம் வேலை அல்ல. முந்தைய நாளே அவர் வீட்டுக் கணினியிலிருந்தே பிடிஎஃப் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். எழுத்துரு கூடவே வந்துவிடும். காணொளியின் விவரக்குறிப்பை மட்டும் யூனிகோடில் நீங்களே தட்டுங்கள், அப்போதுதான் தேடலில் அகப்படும்.

கேள்வி கேட்டவர் குரல் இல்லை

பதிவில் இருபது நொடி மௌனம். பிறகு பேச்சாளர் சொல்கிறார்: "இல்லை, அதை மட்டும் காரணமாகச் சொல்ல முடியாது. திப்புவின் பிள்ளைகளும் அப்போது கோட்டைக்குள்தான் இருந்தார்கள்." எதை மட்டும்? மூன்றாவது வரிசையில் ஒரு கல்லூரி மாணவி, சிப்பாய்களின் புதிய தலைப்பாகையில் இருந்த தோல் குஞ்சம்தான் புரட்சிக்குக் காரணமா என்று கேட்டாள். அது எனக்குத் தெரியும், பார்ப்பவருக்குத் தெரியாது. தொகுக்கும்போது கேள்வியை எழுத்தில் திரையில் போட்டேன். அடுத்த நிகழ்ச்சி முதல், கேள்வியைத் திரும்பச் சொல்லிவிட்டுப் பதிலைத் தொடங்கும்படி மேடையேறுமுன்பே பேச்சாளரிடம் கேட்டுக்கொள்கிறேன். பாதிப் பேர் மறந்துவிடுகிறார்கள். எனவே மேசையில் "கேள்வியை மீண்டும் சொல்லவும்" என்று ஓர் அட்டையும் வைக்கிறேன்.

காப்புரிமை அறிவிப்பு வந்திருக்கிறது

பேச்சில் பாட்டே இல்லையே என்று திகைக்க வேண்டாம். பக்கத்து மண்டபத்தில் ஒரு வரவேற்பு நடந்திருக்கும். ஒலிபெருக்கியிலிருந்து ஒரு திரைப்பாடல் சன்னல் வழியாக வந்து உங்கள் உரையில் உட்கார்ந்திருக்கும். யூடியூபின் தானியங்கி முறை அதைக் கண்டுபிடித்துவிடுகிறது. இது பெரும்பாலும் உரிமைக்கோரல் மட்டுமே, தண்டனைப் புள்ளி அல்ல. கணக்குக்குக் கேடு வருவது புள்ளியால்தான். 90 நாளுக்குள் மூன்று சேர்ந்தால் கணக்கே போகும். கோரலில் எந்த நிமிடம் என்று குறிப்பிட்டிருப்பார்கள். அந்தப் பகுதியை வெட்டலாம், பாட்டை மட்டும் அழிக்கவும் யூடியூபில் வசதி உண்டு. பேச்சுக்கு அடியில் பாட்டு ஓடினால் அழிக்கும்போது பேச்சும் கொஞ்சம் நொண்டும்.

முகூர்த்த நாளில் கருத்தரங்கு வைக்காமலிருப்பதுதான் உண்மையான தீர்வு. மயானக் கொள்ளைத் திருவிழா நாளிலும் வேண்டாம். பம்பை மேளத்தின் ஓசைக்கு எதிராக எந்த மைக்கும் நிற்காது.

பேச்சாளர் "நீக்கிவிடுங்கள்" என்கிறார்

உடனே மறையுங்கள், பிறகு காரணம் கேளுங்கள். நீக்க வேண்டியதில்லை, தனிப்பட்டது என்று மாற்றினால் போதும். சமாதானம் ஆனபின் அதே முகவரியில் திரும்பத் திறக்கலாம். "நாங்கள் செலவு செய்து எடுத்த பதிவு" என்று அமைப்பாளர்கள் வாதிடுவதைக் கேட்டிருக்கிறேன். 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் அவர்கள் பக்கம் இல்லை. பொது மேடையில் ஆற்றிய உரையின் முதல் உரிமையாளர் அதை ஆற்றியவர்தான். அதோடு, நிகழ்த்துநர் யார் யார் என்று அந்தச் சட்டம் அடுக்கும் பட்டியலில் நடிகர், பாடகர், கழைக்கூத்தாடி, பாம்பாட்டி ஆகியோரோடு சொற்பொழிவு ஆற்றுபவரும் இருக்கிறார். இதை மேடையில் சொன்னால் சிரிப்பார்கள். ஆனால் பாம்பாட்டிக்குள்ள அதே உரிமை பேராசிரியருக்கும் உண்டு, ஐம்பது ஆண்டுக்கு உண்டு.

நீக்கச் சொல்வதற்கான காரணங்கள் பெரும்பாலும் நியாயமானவை. ஒரு மருத்துவரின் ஸ்லைடில் எக்ஸ்ரே படத்தின் மூலையில் நோயாளியின் பெயர் இருந்தது. மண்டபத்தில் யாரும் கவனிக்கவில்லை. காணொளியில் நிறுத்திப் பார்த்தால் படிக்கலாம். அந்த மூலையை மங்கலாக்கித் திரும்ப வெளியிட்டோம். இன்னொருவர், செங்கம் பக்கத்தில் தான் கண்ட ஒரு நடுகல்லின் வாசகத்தைச் சொல்லியிருந்தார். கட்டுரை அச்சாகும் முன் உலகம் பார்த்துவிட்டால் அவருடைய பத்து மாத உழைப்பை வேறொருவர் எழுதிவிடுவார். அவர் மண்டபத்தில் இருந்த எண்பது பேரை நம்பிப் பேசினார், உலகத்தை நம்பி அல்ல.

இப்போது பேச அழைக்கும்போதே அரைப்பக்கத் தாள் ஒன்றை அனுப்புகிறேன். அதில் இருப்பது இவ்வளவுதான்: என் உரையைப் பதிவு செய்யலாம், இணையத்தில் வெளியிடலாம், அல்லது இந்தத் தேதிக்குப் பிறகு வெளியிடலாம், அல்லது வெளியிட வேண்டாம், ஸ்லைடுகளைச் சேர்க்கலாம், சேர்க்க வேண்டாம், வெளியிடுமுன் எனக்குக் காட்ட வேண்டும். வேண்டியதைச் சுழிக்க வேண்டும். பேசி முடித்துக் களைத்து உட்கார்ந்திருப்பவரிடம் தாளை நீட்டிக் கையெழுத்து வாங்குவது சம்மதம் அல்ல, பொன்னாடைக்குப் பதில் செய்யும் நன்றிக்கடன். பிறரும் எடுத்துப் பயன்படுத்த அனுமதிக்கும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வெளியிட விரும்பினால் தனியாகக் கேளுங்கள். அதைப் பின்னால் மாற்றிக்கொண்டாலும், அதற்குள் எடுத்துப் பயன்படுத்தியவரிடமிருந்து திரும்பப் பெற முடியாது என்பதையும் சொல்லிவிடுங்கள்.

பார்வையாளர்களுக்கும் ஒரு சொல் வேண்டும். இடது பக்க இருக்கைகள் கேமராவில் விழாது என்று தொடக்கத்தில் அறிவிக்கிறேன். ஒவ்வொரு முறையும் நாலைந்து பேர் எழுந்து இடம் மாறுகிறார்கள்.

யாரும் மூன்று நிமிடத்தைத் தாண்டவில்லை

முதல் மூன்று நிமிடத்தில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். குத்துவிளக்கு, தமிழ்த்தாய் வாழ்த்து, வரவேற்புரை, பொன்னாடை, மைக்கைத் தட்டிப் பார்ப்பது. மண்டபத்தில் இவையெல்லாம் அவசியம். இணையத்தில் பேச்சாளரின் முதல் சொல்லில் தொடங்குங்கள். பொன்னாடை போர்த்தியவர் கோபித்துக்கொள்வார். அவருக்கு விழாப் பகுதியைத் தனிக் காணொளியாக அனுப்பிவிடுங்கள். ஒரு நாள் நிகழ்ச்சியை ஏழு மணி நேரக் கோப்பாக ஏற்றுவதும் கூடாது. ஓர் உரைக்கு ஒரு காணொளி.

தலைப்பு "முதல் நாள் மூன்றாம் அமர்வு" என்று இருந்தால் அது அமைப்பாளரின் நினைவுக்காக வைத்தது. "1806: வேலூர்க் கோட்டையில் அந்த விடியற்காலை" என்று பொருளை முன்னால் வையுங்கள், பேச்சாளர் பெயர் அடுத்து, நிகழ்ச்சியும் தேதியும் கடைசியில். விவரக்குறிப்பில் நேரக் குறிகள் போட்டால் யூடியூப் உரையை அத்தியாயங்களாகப் பிரிக்கும். முதல் குறி 0:00 ஆக இருக்க வேண்டும், குறைந்தது மூன்று குறிகள் வேண்டும், ஒவ்வொன்றும் பத்து நொடிக்காவது நீள வேண்டும். வேலை செய்யவில்லை என்பவர்கள் பெரும்பாலும் அந்த 0:00வை விட்டிருப்பார்கள்.

பதினைந்து நிமிடத்துக்கு மேல் ஏறவே இல்லையென்றால், கணக்கைத் தொலைபேசி எண்ணால் உறுதிசெய்யவில்லை.

பேச்சாளர் ஒரு பிழையை வெட்டச் சொல்கிறார்

குரல் திரும்பிய பதிவின் இணைப்பை அந்த ஓய்வுபெற்ற ஆசிரியருக்கு அனுப்பினேன். முழுவதும் கேட்டுவிட்டு மறுநாள் அழைத்தார். "இரண்டாவது நிமிடத்தில் புரட்சி நடந்தது ஜூன் 10 என்று சொல்லிவிட்டேன். ஜூலை 10. அதை மட்டும் வெட்டிவிட முடியுமா தம்பி?" என்றார். முடியும். யூடியூபின் உள்ளேயே வெட்டும் வசதி இருக்கிறது, முகவரி மாறாது. ஆனால் வாக்கியத்தின் நடுவே வெட்டினால் அவருடைய தலை ஒரு துள்ளு துள்ளும், பார்ப்பவர் எதையோ மறைத்துவிட்டதாக நினைப்பார். விவரக்குறிப்பின் முதல் வரியில் எழுதினேன்: "1:52இல் ஜூன் என்று கேட்பது ஜூலை என்றிருக்க வேண்டும், பேச்சாளரே திருத்தியது." கடைசி இரண்டு சொற்களைச் சேர்க்கச் சொன்னது அவர்.